அப்பாவின் கனடா ஃபைலில் ஏஜென்ட் சொருகிய கடிதம்

எங்கள் அப்பா இன்னும் ஐந்து வருடத்துக்குக் கனடா பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. சாதாரணமாக விசிட்டர் விசாவை மறுத்தால், குறையைச் சரிசெய்து உடனே மறுபடி போடலாம். அதற்குத் தடை கிடையாது. அப்பாவுக்கு வந்தது வேறு. பொய்யான தகவல் கொடுத்தார் என்று அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் முடிவு எழுதிவிட்டார்கள். பொதுப்பணித் துறையில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ரேஷன் கார்டில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தால்கூட தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து திருத்திவிட்டு வருகிற ஆள்.

பொய்யைச் சேர்த்தது திருச்சியில் விசா ஆலோசனை நிறுவனம் நடத்தும் ஒருவர். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரையும் தெருவையும் இங்கே போடவில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் முழுசாக எழுதுகிறேன். இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அண்ணன் கனடாவில் மிசிசாகாவில் இருக்கிறார், பி.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியாகிவிட்டது. அண்ணியின் பிரசவ சமயத்தில் அப்பாவும் அம்மாவும் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் கைகாட்டியதுதான் இந்த ஆபீஸ். சுவர் முழுக்க ஃபிரேம் போட்ட சான்றிதழ்கள்: ஜிஎஸ்டி, உத்யம், ஐஎஸ்ஓ. உத்யம் பதிவைச் சிறுதொழில் நடத்துகிற யாரும் ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி வரி கட்டுவதற்கு. மாட்டியிருந்த எதுவுமே கனடா விண்ணப்பம் போட்டுத்தரும் உரிமையைக் கொடுக்காது.

அந்த உரிமை யாருக்கு உண்டு என்பதைக் கனடா தெளிவாகவே வைத்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பதாரர் சார்பில் நிற்க வேண்டுமென்றால், அங்குள்ள குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் உரிமம் பெற்றவராகவோ, ஏதாவது ஒரு மாகாணத்தின் வழக்கறிஞர் சங்க உறுப்பினராகவோ, கியூபெக் நோட்டரியாகவோ இருக்க வேண்டும். கல்லூரி என்றால் பாடம் நடத்தும் கல்லூரி இல்லை, 2021 நவம்பரில் பழைய கவுன்சிலுக்குப் பதிலாக வந்த ஒழுங்குமுறை அமைப்பு. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டால் வந்துவிடும். அப்படிப்பட்ட ஒருவர் உங்களுக்காக விண்ணப்பம் போட்டால் ஐஎம்எம் 5476 என்ற படிவத்தில் அவர் பெயரும் உங்கள் கையெழுத்தும் இருக்கும். நம்ம ஊர் ஏஜென்ட்கள் பெரும்பாலும் இந்தப் படிவத்தைத் தொடுவதே இல்லை. விண்ணப்பதாரர் தானே உட்கார்ந்து போட்ட மாதிரி, அவர் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து உள்ளே போய்விடுகிறார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த ஆபீசுக்கும் அந்த ஃபைலுக்கும் காகிதத்தில் ஒட்டு உறவே இருக்காது.

சர்வீஸ் சார்ஜ் 45,000 ரூபாய், ‘எம்பசி ஃபீஸ்’ 40,000 ரூபாய் என்று பில் கொடுத்தார். விசிட்டர் விசாவுக்கு ஆளுக்கு 100 கனடா டாலர். கைரேகை, போட்டோவுக்கு ஆளுக்கு 85, குடும்பமாகச் சேர்ந்து போட்டால் அதிகபட்சம் 170. ஆக இரண்டு பேருக்கும் 370 டாலர், நம் பணத்தில் இருபத்துச் சொச்சம் ஆயிரம். மிச்சம் எந்த எம்பசிக்குப் போனது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. கட்டணத்தை ஆன்லைனில் கார்டில் கட்டினால் டாலர் தொகை போட்ட அரசு ரசீது கையோடு வரும். ஏஜென்ட் அடித்த பில்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த ரசீதைக் கேளுங்கள்.

அப்பா கொடுத்த ஃபைல் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் திருட்டைக் காட்டிக்கொடுத்தது அதுதான். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, டெபாசிட் ரசீதுகள், அண்ணன் எழுதிய அழைப்புக் கடிதம், அவருடைய பி.ஆர். கார்டு நகல், சம்பளச் சீட்டு, டி4 என்கிற வருடாந்தரச் சம்பள-வரிச் சீட்டு, அங்கே வருமான வரித்துறை தரும் நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட். ஒவ்வொரு நகலின் வலது மேல் மூலையிலும் பச்சை மையில் ஓர் எண் போட்டு வட்டம் சுழித்திருந்தார். கெஜட்டட் ஆபீசராக இருந்த பழக்கம், பச்சைப் பேனா இன்னும் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. ஏழாம் எண் போட்டது, 2017இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டபோது சென்னைத் தூதரகத்தில் கொடுத்த கடிதம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் போட்டது, ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை வரவில்லை என்கிற 214பி பிரிவைச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். இதை மறைக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்ததால் அப்பா அதை வாட்ஸாப்பிலும் படம் எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பினார். நீல டிக் விழுந்தது. பதில், கட்டைவிரல் ஒன்று.

ஃபைலைப் புரட்டிவிட்டு அந்த ஆள் சொன்னது: “சார், ரிட்டயர்டுன்னு போட்டா வெயிட்டே இருக்காது. டாக்குமெண்ட்ட கொஞ்சம் ஸ்ட்ராங் பண்ணணும். அத எங்க டீம் பாத்துக்கும்.” ஸ்ட்ராங் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். “ஃபார்மட்டிங்தான் சார், நீங்க டென்ஷன் ஆகாதீங்க.” விண்ணப்பம் போனபிறகு நகல் கேட்டதற்கு, ஆன்லைனில் போனால் நகல் வராது என்றார். சுத்தப் பொய். நிரப்பிய படிவங்கள் பிடிஎஃப்ஆகவே இருக்கும், ஏற்றிய ஆவணம் எல்லாம் அனுப்பியவர் கையில் இருக்கும், சமர்ப்பித்ததற்கு உறுதிக் கடிதமும் கணக்கிலேயே வரும்.

சென்னை விஎஃப்எஸ் மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வந்து காத்திருந்தார்கள். அங்கே நம்ம ஆள் இருக்கிறார் என்றும் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார் ஏஜென்ட். அந்த மையம் கைரேகை எடுக்கும், பாஸ்போர்ட்டை வாங்கி அனுப்பும், அவ்வளவுதான். விசா கொடுப்பதா வேண்டாமா என்பதில் அங்குள்ளவர்களுக்கு எந்தக் கையும் கிடையாது.

கடைசியில் இரண்டு பேருக்கும் ரிஜெக்ட் என்று செய்தி வந்தது. அம்மாவுக்கு வந்தது வழக்கமான கடிதம்: பயணம் முடிந்து ஊர் திரும்புவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை. அப்பாவுக்கு என்று ஏஜென்ட் ஒற்றைத் தாளை நீட்டினார். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில், இரண்டு பக்கத்தில் முதல் பக்கம் என்று இருந்தது. இரண்டாவது எங்கே என்று அப்பா கேட்க, “அது வெறும் அட்ரஸ் பேஜ் சார்” என்று சொல்லிவிட்டு, பாதிக் கட்டணத்தில் மறுபடி போட்டுத் தருவதாக ஆரம்பித்தார். ஐந்து வருடத் தடை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே! எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்காதது இந்த இடத்தில்தான். திருட்டுத்தனம் பிடிபட்ட பிறகும் அதே வீட்டில் இன்னொரு தடவை கைவைக்கப் பார்த்திருக்கிறார்.

அப்பா பணத்தை எடுக்கவில்லை, அண்ணனுக்கு போன் போட்டார். கனடாவில் குடியுரிமை உள்ளவர்கள், பி.ஆர்., அங்கே தங்கியிருப்பவர்கள் யாரும் தகவல் அறியும் சட்டப்படி, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, ஒருவருடைய முழு விசா ஃபைலையும் கேட்டு வாங்கலாம். கட்டணம் 5 டாலர். அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை வைத்து அண்ணன் விண்ணப்பித்தார். சட்டப்படி 30 நாள், எங்களுக்குக் கூடவே இழுத்தது. வந்ததைத் திறந்து பார்த்தபோதுதான் எல்லாம் புரிந்தது.

எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’. விசா விவரங்களைக் கனடாவும் அமெரிக்காவும் பகிர்ந்துகொள்கின்றன, அப்பாவின் கைரேகை 2017லேயே அமெரிக்காவில் பதிவாகிவிட்டது. ஏமாற்றுகிறவருக்கு இது தெரியாதா என்ன? தெரியும். சிக்கப்போவது தான் இல்லை என்பதும் தெரியும்.

அடுத்து, சென்னை முகவரி போட்ட ஒரு கட்டுமான நிறுவனத்தின் லெட்டர்ஹெட். எங்கள் அப்பா அங்கே தொழில்நுட்ப ஆலோசகராம், மாதம் 1,10,000 ரூபாய் சம்பளமாம், மூன்று மாத விடுப்பு வேறு அனுமதித்திருக்கிறார்களாம். அந்த நிறுவனத்தின் பெயரை அப்பா முதல் தடவையாகப் படித்ததே அங்கேதான். கடிதத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்ததாகவும், எடுத்தவர் அப்படி ஒரு கம்பெனி இங்கே இல்லை என்று சொன்னதாகவும் அதிகாரி குறிப்பு எழுதியிருந்தார்.

ஸ்கேன் செய்து ஏற்றிய மற்ற தாள்களில் பச்சை எண்கள் அப்படியே தெரிந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் நான்கு, ஐந்து, ஆறு, எட்டு. மூன்றும் ஏழும் இல்லை. ஏழு அமெரிக்கக் கடிதம். மூன்று ஓய்வூதிய ஆணை. அது உள்ளே இருந்தால் போலிக் கடிதத்தோடு மோதும் இல்லையா, அதனால் உருவி வைத்துவிட்டார்கள். மாதாமாதம் அரசாங்கம் கணக்கில் போடும் பென்ஷன், சொந்த வீடு, ஊரில் பேரப்பிள்ளைகள் என்று ஒருவர் ஊர் திரும்புவதற்கு இதைவிட நல்ல காரணம் எந்த லெட்டர்ஹெட்டிலும் வராது. என் கணிப்பு, வருகிற எல்லாருக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை அடித்துக் கொடுக்கிறார்கள். உட்கார்ந்து ஃபைலைப் படிப்பதைவிட அது சுலபம்.

இதையெல்லாம் மிஞ்சியது ஒரு மின்னஞ்சல். மறுப்பதற்கு முன்னால் கனடா அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது: இன்னின்ன சந்தேகம் இருக்கிறது, உங்கள் விளக்கத்தைச் சொல்லுங்கள் என்று கெடு கொடுத்து. இந்தக் கடிதம் கொடுக்காமல் 40ஆம் பிரிவில் கைவைக்க மாட்டார்கள். அது போன முகவரி அப்பா பெயரோடு நாலு எண் சேர்த்து ஏஜென்ட் உருவாக்கிய ஜிமெயில். பதில் எதுவும் வரவில்லை என்று குறிப்பு முடிகிறது. அந்த ஒரு கடிதம் அப்பா கண்ணில் பட்டிருந்தால், ஓய்வூதிய ஆணையையும் வாட்ஸாப் செய்தியையும் வைத்து அவரே பதில் எழுதியிருப்பார்.

டொராண்டோவில் ஒரு வழக்கறிஞரிடம் அண்ணன் பேசினார். ஏஜென்ட் போட்டிருந்தாலும் விண்ணப்பத்துக்குப் பொறுப்பு விண்ணப்பதாரர்தான், தனக்குத் தெரியாது என்ற வாதம் மிக அரிதாகத்தான் எடுபடும் என்றார். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக 60 நாள்தான் அவகாசம். ஃபைல் எங்கள் கைக்கு வந்தபோது அது தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் செலவு ஆயிரக்கணக்கான டாலர். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தடை இல்லை, புதிதாக அவருடைய சொந்த மின்னஞ்சலில் கணக்கு திறந்து போட்டிருக்கிறோம். மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, முந்தைய மறுப்புக் கடிதத்தையும் வைத்தாயிற்று.

மாணவர்களுக்கும் இதே கதை நடந்திருக்கிறது. ஏஜென்ட் கொடுத்த போலிக் கல்லூரிக் கடிதத்தோடு கனடா போன இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தது 2023இல் பெரிய செய்தியானது. அதற்குப் பிறகு, அந்த வருடம் டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்கிறார்கள். ‘அதெல்லாம் எங்கே செக் பண்ணப்போறாங்க’ என்று இன்னும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லாமல் புகார் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915க்கு அழைத்துக் கேட்கலாம். பணம் அனுப்பிய பதிவு, பில், வாட்ஸாப் உரையாடல், கனடாவிலிருந்து வந்த ஃபைல் எல்லாம் கொடுத்திருக்கிறோம். போலி ஆவணத்துக்காகப் போலீசிலும் புகார் இருக்கிறது. ஏமாற்றியதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. நோட்டீசுக்கு அந்த ஆபீஸ் அனுப்பிய பதில்: எல்லாம் உங்கள் அப்பா சொல்லித்தான் போட்டோம். நீல டிக்கும் பச்சை எண்களும் இருக்கிற வரை அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம்.

இப்போது யாருடைய விண்ணப்பமாவது ஒரு ஏஜென்ட் கையில் இருந்தால், கணக்கின் பயனர்பெயர், பாஸ்வேர்ட், கொடுத்திருக்கும் மின்னஞ்சல் மூன்றையும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஏற்றிய பிடிஎஃப் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். தரமாட்டேன் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் கொடுக்காத தாள் ஏதாவது உள்ளே இருந்தால், கனடா அலுவலகம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் வெப்ஃபார்ம் இருக்கிறது. விண்ணப்ப எண்ணைப் போட்டு, எது தவறு, எது சரி, யார் சேர்த்தது என்று எழுதி, உண்மையான ஆவணத்தை இணைத்து அனுப்பலாம். முடிவு வருவதற்கு முன்னால் போய்ச்சேர வேண்டும்.