ஒத்தக்கடை தாண்டி ஓர் அறுவை மில்: கடைசலுக்குப் பச்சை மரம் வாங்க நல்ல இடம்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் கடைசல் வேலைக்குப் பச்சை மரம், அதாவது வெட்டி ஈரம் காயாத மரம், தேடுகிறவர்களுக்கு மதுரைப் பக்கம் நான் தயங்காமல் கைகாட்டுவது இந்த ஓர் இடத்தைத்தான். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டியதும் பெயர்ப்பலகைகூட இல்லாத சின்ன அறுவை மில். வாசலில் விறகு அடுக்கியிருக்கும். நமக்கு வேண்டியது உள்ளே, தகரக் கொட்டகை நிழலில் இருக்கிறது.

மரம் எங்கேயும் கிடைக்கும். வெட்டிய அன்றைக்கே அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட வெட்டுவாய் வழியாகப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், இழுவை தாங்காமல் வாய் பிளந்துவிடும். சித்திரை வெயிலில் இதற்கு ரொம்ப நேரம் ஆகாது. முன்பு நான் வாங்கிய வேறோர் இடத்தில் தடிகளை வெட்டவெளியில் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல வாகைத் தடி, வெடிப்பு ஒரு சாண் உள்ளே ஓடியிருந்தது. பாதி மரம் அடுப்புக்குத்தான் போனது.

இந்த மில்லில் முதல் கேள்வியே, "அக்கா, கிண்ணத்துக்கா, மத்து பூரிக்கட்டைக்கா?" என்பதுதான். கிண்ணம் என்றால் மில்காரர் தடியை நெடுக்காகக் கிழித்து, நட்டநடுவைத் தனிப் பட்டையாக எடுத்துவிடுகிறார். இது பெரிய உதவி. மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவை விட்டுவைத்தால் அதைச் சுற்றி மரம் இறுகி, எங்காவது ஓரிடத்தில் விரிசல் விட்டே தீரும்.

அப்புறம், வெட்டுவாய் வழியாக ஈரம் வேகமாகப் போகாமல் அடைக்க மெழுகு. வெந்நீர் அண்டாவுக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து பாரபின் மெழுகை உருக்குகிறார்கள். நேரடித் தீயில் வைப்பதில்லை, அதுவே மனதுக்கு நிம்மதி. துண்டின் முனையை இரண்டு அங்குலம் முக்கினால் சின்னச் சின்னக் குமிழாக மேலே வரும். குமிழ் அடங்கும்வரை பிடித்திருந்து எடுக்கிறார் அங்கே வேலை செய்யும் தம்பி. எடுத்ததும் மெழுகு கண்ணாடிபோல் மெல்லிசாக, வளையங்கள் தெரியும்படி ஒட்டியிருக்கவேண்டும். சூடு பத்தாவிட்டால் வெள்ளையாகப் படிந்து, நகத்தால் கீறினாலே செதிலாக உரிந்துவிடும். நான் ஒவ்வொரு துண்டையும் கீறித்தான் வாங்குகிறேன், அவர்களும் முகம் சுளிப்பதில்லை.

வாகை, பூவரசு, வேம்பு, புளி எல்லாம் வரும். முதலில் எடுக்கவேண்டியது தூங்குமூஞ்சி. நம்மூரில் விறகு மரம் என்று ஒதுக்குகிறோம், ஹவாய்த் தீவில் இதில் கடையும் கிண்ணங்களுக்குத் தனி மதிப்பு. சுருக்கம் மிகக் குறைவு, பச்சையிலேயே கடைந்தாலும் அதிகம் கோணாது. வைரம் எனும் காப்பி நிற உள்மரத்தில் ஓடும் ரேகையைப் பார்த்தால் விறகாக்க மனசே வராது. புளி கல் மாதிரி, உளி அடிக்கடி தீட்டவேண்டும்.

குறைகளும் உண்டு. எடை போட்டு விற்பதால் பச்சை மரத்தில் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு. விறகு விலையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அது பரவாயில்லை, மெழுகுக்கும் வேலைக்கும் தகும். வெட்டிய தேதியைச் சாக்பீஸில் எழுதித் தரச் சொன்னால் சில துண்டில் எழுதுகிறார்கள், சிலதில் மறந்துவிடுகிறார்கள். பட்டையை உரிக்காமலே கொடுப்பதுதான் எனக்கு உண்மையான வருத்தம். பட்டைக்கடியில் வண்டு தங்கும். வாகையின் வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் உளுத்து மாவாக உதிரும். வீட்டுக்கு வந்ததும் உரித்து, விளக்குத்தண்டு, பம்பரம் போன்றவற்றுக்கான துண்டுகளில் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசுகிறேன். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு இது வேண்டாம். சீக்கிரம் கடைந்துவிடுவதுதான் அதற்கு வழி.

பத்து அங்குலக் கிண்ணம் என்றால் சுவரை ஓர் அங்குலம் கனமாக விட்டு முதல் கடைசலை முடித்து, அதன் சீவலோடேயே சாக்கில் போட்டுக் கட்டி வைக்கிறேன். அவ்வப்போது எடை போட்டு அதன் மேலேயே குறித்துக்கொள்வேன். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குள் வட்டம் முட்டை வடிவமாகியிருக்கும், விட்டுவைத்த கனம் அதைத் திரும்பக் கடைந்து வட்டமாக்கத்தான். ஆடிக் காற்றில் சாக்கை இறுகக் கட்டவேண்டும். ஐப்பசி மழையில் சீவலை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மெழுகு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மெழுகு பூசாத துண்டை வண்டியில் ஏற்றுவதாக இருந்தால் ஈரச் சாக்கு ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.