காசு படம் எடுக்க ஒரு பழைய கேமரா: ஐந்து வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு உருக்க வரும் பழைய வெள்ளியோடு சில சமயம் பிரிட்டிஷ் காலத்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயும் வரும். அப்படி வந்த ஒரு 1911 ரூபாயைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை மட்டும் உருக்கிராதீங்க" என்று கேட்டு, எடைக்குப் பணம் கொடுத்து வாங்கிவந்தேன். அந்த வருடத்துக் காசில் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரித் தெரிகிறது என்று அப்போது பெரிய சலசலப்பு. 1912-இல் அச்சையே திருத்திவிட்டார்கள். அந்த யானை நொய்யரிசி அளவுதான் இருக்கும். போனில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். யானை ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. போன் தானாகவே கூர்மையேற்றியதில் சாதாரணத் தேய்மானம்கூடக் கீறலாகத் தெரிய, "பாலிஷ் போட்ட காசு" என்று இரண்டு பேர் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். கேமரா தேட ஆரம்பித்தது அன்றுதான்.

முதலில் வாங்கியதில் ஏமாந்தேன். '1 சென்டிமீட்டர் மேக்ரோ' (மிகக் கிட்டே வைத்து எடுக்கும் வசதி) என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கிய கேமரா அது. 1 செ.மீ. வரை கிட்டே போகும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு கிட்டே போனால் லென்ஸே வெளிச்சத்தை மறைத்துக்கொள்கிறது, காசின் மேல் நிழல்தான் விழும். அந்த நெருக்கம் ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் வட்டக் காசு நடுவில் உப்பினாற்போல வரும். பெரும்பாலான சின்ன கேமராக்களில் இதுதான் நிலைமை. அதனால் காசுக்காக கேமரா பார்ப்பவர்கள், எவ்வளவு கிட்டே போகும் என்று கேட்காதீர்கள். எவ்வளவு தூரம் தள்ளி வைத்தே காசைப் படம் முழுக்க நிறைக்க முடியும் என்று கேளுங்கள்.

அடுத்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்150 ஐஎஸ்தான் இன்றுவரை ஓடுகிறது. 2011-இல் வந்த மாடல், 14.1 மெகாபிக்சல், 12 மடங்கு ஜூம். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பென்சில் செல்லில் ஓடும். ரீசார்ஜ் செல் நாலு வைத்திருக்கிறேன். தீர்ந்துபோனால் ஏற்காடு பெட்டிக்கடையில்கூட சாதாரண செல் கிடைக்கும், ஆனால் அது சீக்கிரம் இறங்கிவிடும்.

இதோடு +4 பவர் உள்ள ஒரு குளோசப் லென்ஸ் சேர்த்தேன். இந்த லென்ஸை முன்னால் வைத்தால், கேமரா தூரத்துக்கு ஃபோகஸ் ஆகியிருக்கும்போது 25 செ.மீ. தள்ளி இருக்கும் பொருள் தெளிவாகும். முழு ஜூமில் சுமார் 25 மி.மீ. அகலம், 19 மி.மீ. உயரமுள்ள இடம் படத்தை நிறைக்கிறது. 1957-இன் ஒரு நயா பைசா 16 மி.மீ. தான், அழகாக அடங்கும். ஜார்ஜ் ரூபாய் 30 மி.மீ.க்கு மேல் என்பதால் ஜூமைப் பாதிக்குக் குறைக்க வேண்டும். 25 செ.மீ. இடைவெளி இருப்பதால் விளக்கை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். இந்தக் கேமராவில் லென்ஸை மாட்ட மரை கிடையாது. அதனால் குளோசப் லென்ஸை ஒரு பிவிசி கப்ளிங்கில் பொருத்தி, கேமராவில் மாட்டாமல் ஸ்டாண்டிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

ஸ்டாண்ட் என்பது, மூடிப்போன ஒரு ஸ்டூடியோவில் பிலிமைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட வைத்திருந்த என்லார்ஜரின் தண்டு. பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைத்தது. இதில் முக்கியமானது கேமரா காசுக்கு நேர் மேலே, சாயாமல் இருப்பது. கொஞ்சம் சாய்ந்தாலும் காசின் ஒரு பக்க எழுத்து மங்கிவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: காசு வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைப் படுக்க வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது. அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டுக் காசை வைத்து, ஐஎஸ்ஓ 80, இரண்டு நொடி டைமர். விரல் பட்டு ஆடுகிற பிரச்சினையே இல்லை.

வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு வருடம் ஆனது. ஏற்காட்டில் அத்தை வீட்டுத் திண்ணையில், மூடுபனி வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். நிழலே இல்லாத மென்மையான வெளிச்சம், கண்ணுக்கு அவ்வளவு இதம். ஆனால் படத்தில் மன்னர் தலை தகட்டில் வரைந்த மாதிரி தட்டையாகிவிட்டது. காசின் மேடு பள்ளம் தெரிய நிழல் வேண்டும். இப்போது வீட்டு மாடி அறையில் ஒரே மாதிரி இரண்டு எல்இடி மேசை விளக்கு, ஒன்று பத்து மணி முள் திசையில், இன்னொன்று இரண்டு மணி திசையில். முன்னால் பட்டர் பேப்பர். வெள்ளிக் காசுக்கு ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்பேன். அப்போதுதான் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம், அடியில் உள்ள தாமரைக்குக் கீழே பம்பாய் நாணயச் சாலையின் சின்னப் புள்ளி எழும்பித் தெரியும். புள்ளி இல்லையென்றால் கல்கத்தா. ஒரு விளக்கு சரியாக விழாவிட்டால் பம்பாய்க் காசைக் கல்கத்தா என்று சொல்லிவிடுவோம்.

ஒரு மழைக்காலம் முழுக்கக் குளோசப் லென்ஸை ஏற்காட்டிலேயே விட்டுவந்தது என் தவறு. ஈரத்தில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை பிடித்து, வேறு வாங்க வேண்டியதாயிற்று. இப்போது சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியுமானால், பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா) ஒன்றை அதன் 18-55 ஐஎஸ் லென்ஸோடு பாருங்கள் என்பேன். அந்த லென்ஸின் அதிகபட்ச உருப்பெருக்கம் 0.34 (சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவில் 0.34 பங்கு) என்பதால், வேறு எதுவும் வாங்காமலே ஒரு ஜார்ஜ் ரூபாய் படத்தின் உயரத்தில் சுமார் 70 சதவீதத்தை நிறைத்துவிடும். நயா பைசாவுக்கு அது போதாது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்று சேர்க்க வேண்டும்.

அந்த 1911 ரூபாயைப் போன மாதம் மறுபடி எடுத்து அதே நண்பர்களுக்கு அனுப்பினேன். இந்த முறை கீறலைப் பற்றி யாரும் பேசவில்லை. யானையா பன்றியா என்றுதான் இரவு பதினொன்று வரை பேச்சு ஓடியது.