கல்சியம் குளிசையா, விற்றமின் டி-யா? அம்மாவின் கால் உளைவில் கண்டது

கோணேசர் கோயில் ஏற்றத்தை நிற்காமல் ஏறியவர் அம்மா. இரண்டு வருடமாகக் கதிரையிலிருந்து எழும்பவே மேசையைப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்தினால் முகம் சுளிப்பார்.

எலும்பு நோ என்றதும் எல்லாரையும் போல முதலில் கல்சியம் குளிசைதான் வாங்கினோம். மலிவானது, எந்தப் பார்மசியிலும் கிடைக்கும். கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், இரும்புக் குளிசையோடு சேர்க்கக்கூடாது. நான்கு மாதத்தில் மலச்சிக்கல் வந்தது, உளைவு போகவில்லை.

பிறகுதான் வைத்தியர் இரத்தத்தில் விற்றமின் டி-யைப் பார்க்கச் சொன்னார். ஒரு மில்லிலீற்றரில் 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு, அம்மாவுக்கு 11. என் முடிவை மாற்றியது இதுதான். விற்றமின் டி போதாத குடல், உண்ணும் கல்சியத்தில் 10 முதல் 15 சதவீதத்தையே உறிஞ்சும்; போதுமானபோது 30 முதல் 40 சதவீதம். மீதிக்கு உடல் எலும்பிலேயே கை வைக்கிறது. புதிதாக உருவாகும் எலும்பும் இறுகாமல் மெதுமையாகவே நின்றுவிடுகிறது. நோவும் தொடைத் தளர்ச்சியும் அங்கிருந்து வருபவை. எத்தனை குளிசை விழுங்கினாலும் வாசல் பூட்டியிருந்தால் என்ன பயன்?

திருகோணமலையில் வெயிலுக்கா பஞ்சம் என்று நானும் கேட்டேன். அம்மா விடியற்காலை கோயிலுக்குப் போவார், பிறகு அடுப்படி. இளவெயிலில் விற்றமின் டி-க்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகும் நேரத்து வெயில்தான் வேண்டும். கறுத்த தோலுக்கு இன்னும் கூடிய நேரம் தேவை. இப்போது பத்து மணிக்கு முற்றத்தில் நெத்தலி காயப்போடுவது அம்மாவின் வேலை.

வைத்தியர் வாரம் ஒன்றாக 50,000 அலகு விற்றமின் டி குளிசை எட்டு வாரம் கொடுத்தார். மூன்றாம் மாதம் மேசையைப் பிடிக்காமல் எழும்பினார். மருந்தா, வெயிலா, இரண்டுமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கல்சியத்தையும் விடவில்லை: முள்ளோடு நெத்தலி, குரக்கன் பிட்டு, முருங்கையிலை, மத்தியானம் ஒரு குளிசை. 50 வயது தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமி அந்த வாராந்தக் குளிசையில் இரண்டு கேட்டார். கொடுக்கவில்லை. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவர் மரக்கறி மட்டுமே உண்பவர், அவருக்கு இருப்பது பாத விறைப்பும் எரிவும். அதற்கு முதலில், மரக்கறிச் சாப்பாட்டில் குறைவாகவே கிடைக்கும் விற்றமின் பி12-ஐ இரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.