‘லைசென்ஸ் வேண்டாங்க’ என்று விற்ற வண்டி மாங்கரையைத் தாண்டவில்லை

எனக்கு வீடு கணுவாயில். வேலை ஆனைகட்டிப் பக்கம் ஒரு பள்ளியில், ஆசிரியை. தடாகம் ரோட்டில் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், சின்னத்தடாகம் வரைக்கும் ஏறுகிறோம் என்பதே தெரியாது. மாங்கரை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ரோடு மலையைப் பிடித்துவிடும். பதினோரு வருஷமாகப் பஸ்ஸில்தான் போய் வந்தேன். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். பொழுதோட தாமதமானால் யானை பயம் வேறு.

அதனால்தான் பேட்டரி வண்டி வாங்கும் யோசனை வந்தது. இன்னொரு காரணமும் உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு லைசென்ஸ் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எல்.எல்.ஆர். போட்டதோடு சரி. கடைக்காரர் பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத்தான்.

“அக்கா, இதுக்கு லைசென்ஸ் வேண்டாங்க, நம்பர் பிளேட் வேண்டாங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாங்க. லித்தியம் பேட்டரி. ஒருக்கா சார்ஜ் போட்டா அறுவது கிலோமீட்டருங்க.”

“மலை ஏறுமுங்களா?”

“ஆனைகட்டிக்கே நாலஞ்சு பேரு நம்ம வண்டிலதானுங்க்கா போறாங்க. கும்முனு ஏறும்.”

இதையேதான் வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தார். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த புத்திசாலித்தனம்.

கடை முன்னால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். சமமான ரோடு. வண்டி சத்தமே இல்லாமல் போனது, ஆனால் 25க்கு மேல் போகவில்லை. மெதுவாக இருக்கிறதே என்றேன். “லாக் போட்டிருக்குதுங்க்கா, எடுத்து விட்டர்றேன்” என்று கடைப் பையன் ஹெட்லைட் கவரைக் கழற்றி உள்ளே ஒரு வயரைப் பிடுங்கி விட்டான். அடுத்த நடையில் 45 போனது. காய்கறிக் கடையில் கொசுறாகக் கொத்தமல்லி வாங்கியது போல எனக்கு ஒரு சந்தோஷம். சீட்டு எடுத்த பணம் 78,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை. கணுவாயிலிருந்து சின்னத்தடாகம் வரை ராஜாத்தி மாதிரி போனேன். மாங்கரை தாண்டியதும் மீட்டரில் 40 இருந்தது 28 ஆனது. முதல் வளைவு முடிவதற்குள் 15. இரண்டாவது வளைவில் 9. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் என்னை முந்தவில்லை, அவ்வளவுதான், பக்கத்திலேயே வந்தார். பின் சக்கரத்திலிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம். பிறகு இஸ்திரிப் பெட்டி சூடேறிய வாசனை. அப்புறம் வண்டி நின்றுவிட்டது. பேட்டரியில் நாலு கட்டம் அப்படியே காட்டிக்கொண்டிருந்தது, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒன்றுமில்லை.

சரியாக அந்த நேரத்துக்கு ஆனைகட்டி பஸ் வந்தது. ஜன்னலில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். “டேய், டீச்சர் வண்டியத் தள்ளுறாங்கடா!” பதினோரு வருஷ மரியாதை அந்த வளைவோடு போனது.

வண்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டே இறங்கி, செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் நிறுத்திவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன். கடைக்குப் போன் செய்தால், “புது மோட்டாருங்க்கா, செட் ஆகணும், ரெண்டு வாரம் ஓட்டுங்க” என்றார்கள். ஓட்டினேன். அந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை நின்றது. ஆறவிட்டால் கிளம்பும், ஏறினால் நிற்கும்.

கணபதியில் என் அண்ணன் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வாங்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். இப்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் சக்கரத்து மோட்டாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்: 250 வாட்.

“ஏம்மிணி, ஒரு ஹெச்.பி. எத்தனை வாட்டு?”

கோயம்புத்தூர்க்காரிக்கு இது தெரியாமலா. 746.

“அப்ப இது மூணுல ஒரு பங்கு ஹெச்.பி. நம்மூட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரே அரை ஹெச்.பி. ரெண்டு லிட்டர் கிரைண்டர்ல 150 வாட்டு மோட்டார் இருக்குது. நீ கிரைண்டர் மேல உக்காந்து ஆனைகட்டி போறதுக்குக் கிளம்பியிருக்கற.”

அப்புறம் ஒரு கணக்குப் போட்டார். நான், வண்டி, பை, டிபன் எல்லாம் சேர்த்து 165 கிலோ. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறும் ரோடு என்று வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் வேகத்தில் போக சக்கரத்தில் 650 வாட்டுக்கு மேல் வேண்டும். 250 வாட்டில் ஏறினால் மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான் வரும். வேகமாக நடந்தாலே ஆறு வரும். இந்த மோட்டார்கள் கொஞ்ச நேரம் கூடுதலாக இழுக்கத்தான் செய்யும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும். சூடு மிஞ்சினால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலர் தானே கையை மடக்கிக்கொள்ளும். இரண்டாவது வளைவில் நடந்தது அதுதான்.

அத்தோடு முடியவில்லை. கால் வைக்கும் பலகையைக் கழற்றினால் உள்ளே வரிசையாக ஐந்து கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட். லித்தியம் இல்லை, லெட் ஆசிட். தூக்கிப் பார்த்தேன், ஒன்றே அரிசி மூட்டை மாதிரி கனத்தது. பில்லை எடுத்துப் படித்தால் ‘60 வோல்ட் 28 ஏ.ஹெச். பேட்டரி’ என்று மட்டும் இருக்கிறது, என்ன பேட்டரி என்று இல்லை. லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து வேகமாக மின்சாரத்தை உறிஞ்சினால் எழுதியிருக்கிற அளவு கிடைக்காது என்றார் அண்ணன். மேட்டில் நாம் செய்வது அதைத்தான். அறுபது கிலோமீட்டர் என்பது சம ரோட்டில், ஒற்றை ஆள், ஒரே வேகத்தில் போனால் வரும் கணக்கு. எனக்கு மூன்றாவது வாரம் பதினேழு கிலோமீட்டர் கிடைத்தது.

இனி சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்ற விலக்கு பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் பொதுவானது இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிப்படி மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான் அது. அதாவது ‘லைசென்ஸ் வேண்டாங்க’ என்று கடைக்காரர் சொன்னபோதே ‘இது மலை ஏறாதுங்க’ என்றும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. அந்த வயரைப் பிடுங்கி 45 ஓடவிட்ட நிமிஷமே விலக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஓட்டியது நம்பர் இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது இடித்திருந்தால் நஷ்டஈடு என் கையிலிருந்துதான் போயிருக்கும்.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்குப் போனேன். முதலாளி ஹெட்லைட் கவரைக் கழற்றிப் பார்த்தார்.

“லாக் எடுத்த வண்டிக்கு வாரண்டி கிடையாதுங்க மேடம்.”

“எடுத்தது உங்க கடைப் பையன்தானுங்க.”

“அது பில்லுல இல்லீங்களே.”

அந்தப் பையன் அங்கேயே நின்று இன்னொரு அம்மாவுக்கு வண்டி காட்டிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கடைசியில் பழைய வண்டி விலையாக 15,000 தருகிறேன் என்றார்கள். ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

மலைக்கு வண்டி பார்ப்பவர்கள் ஸ்டிக்கரில் வாட்டைப் படியுங்கள். உச்ச சக்தி எவ்வளவு, தொடர்ந்து எவ்வளவு, எத்தனை டிகிரி மேடு ஏறும் என்று மூன்றையும் கேளுங்கள். பின் சக்கரத்திலேயே மோட்டார் இருந்தால் மலைக்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் முழு உண்மை இல்லை. டி.வி.எஸ். ஐக்யூபுக்கும் மோட்டார் சக்கரத்தில்தான், ஆனால் உச்சத்தில் 4.4 கிலோவாட். ஏதர் 450எக்ஸ் 6.4. என்னுடையதற்கும் இவற்றுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பேட்டரி என்ன வகை என்பது பில்லில் எழுத்தாக வர வேண்டும். ஓட்டிப் பார்ப்பதென்றால் நீங்கள் தினமும் போகிற மேட்டிலேயே, பின்னால் ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கோவையில் மருதமலை ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வரைக்கும் வண்டி தர மாட்டேன் என்று சொல்கிற கடையில் உங்களுக்கு வேலை இல்லை.

இறங்குவதையும் யோசியுங்கள். பள்ளியில் முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கலாம் என்பது என் திட்டம். இறங்கும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி ஏற்றி வேகத்தை இழுத்துப் பிடிக்கிற வசதி நல்ல வண்டிகளில் உண்டு. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் கிடைக்காது. மலை மேல் சார்ஜ் போடுகிறவர்கள் கொஞ்சம் குறைவாகவே போட வேண்டும். என் வண்டியில் அந்த வசதியே இல்லை, வெறும் டிரம் பிரேக். ஒரே ஒரு நாள்தான் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தேன். அன்று சாயங்காலம் இறங்கும்போது பிரேக் ஷூ கருகுகிற நாற்றம் மாங்கரை வரைக்கும் கூடவே வந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். கடை அசையவில்லை. பிறகு இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டேன். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ், பில், ஐந்து பெட்டிகளின் போட்டோ எல்லாம் சேர்த்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதாததற்கு வழக்குதான் காரணம்.

போன மாதம் எட்டுப் போட்டு லைசென்ஸும் எடுத்துவிட்டேன். இப்போதைக்குப் பஸ்தான். பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள். வண்டி போர்டிகோவில் நிற்கிறது. பிடுங்கின வயரின் முனையில் டேப் சுற்றி அப்படியே விட்டிருக்கிறேன், யாரையும் தொட விடவில்லை. லெட் ஆசிட் சும்மா கிடந்தால் செத்துப்போகும் என்று அண்ணன் சொன்னதால், ஓட்டாத வண்டிக்கு மாதம் தவறாமல் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.