அம்மாவின் கால்களுக்குச் சூட்டுச் சிகிச்சை: இந்த விடுமுறையில் பார்த்தவை

இந்த முறை ஊருக்கு வந்த விடுமுறையில் பாதிக்கு மேல் அம்மாவின் கால்களுக்கே போய்விட்டது. இடது காலில் வெரிகோஸ் வெயின் (ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு போவது), வலது குதிகாலில் தீராத வலி, போதாக்குறைக்குப் பல வருடச் சர்க்கரை. வெரிகோஸுக்கு ஒரு மருத்துவமனையில் ரேடியோ அலைச் சூட்டால் ரத்தக்குழாயை மூடினார்கள். குதிகாலுக்கு ஒரு பிசியோதெரபி நிலையத்தில் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் சிகிச்சை. இரண்டிலும் வேலை செய்வது சூடுதான். ஆனால் தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் இரண்டு இடங்களுக்கும் நிறைய வித்தியாசம். வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோருக்கு இப்படி ஏற்பாடு செய்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் மருத்துவமனை. கெட்டுப்போன குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழலை நுழைத்துத் தொடை வரை ஏற்றுகிறார்கள். அதன் நுனியில் 7 செ.மீ. நீளத்துக்குச் சூடேறும் பகுதி. 120 டிகிரி செல்சியஸில் 20 விநாடி வைத்துவிட்டு, பின்னால் இழுத்து அடுத்த துண்டைச் சுடுகிறார்கள். 120 என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 44 டிகிரிச் சூடு சில மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தோல் வெந்துவிடும்; 60 டிகிரி என்றால் சில விநாடிகள் போதும்.

"அதுக்குத்தான் நடுவில் தண்ணி விடறோம்" என்றார் டாக்டர். கவுன், மாஸ்க் போட்டு என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே குழாய் நெடுகச் சுற்றிலும் ஏற்றினார். ஏற ஏறத் திரையில் குழாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் விரிகிறது. அந்தத் தண்ணீர் வலியை மரக்கச் செய்கிறது, சூட்டை வாங்கிக்கொள்கிறது, குழாயைக் கதீட்டரோடு ஒட்ட அமுக்குகிறது, தோலிலிருந்து விலக்கியும் வைக்கிறது. தோலுக்கும் குழாய்க்கும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டுமாம். முழங்காலுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் வளையம் மெலிந்திருந்தது. டாக்டர் திரையிலேயே அளந்து பார்த்து, "இங்கே பத்தலை" என்று மறுபடி ஊசியை எடுத்தார். சூடு வைத்த நேரத்தைவிடத் தண்ணீர் ஏற்றிய நேரம்தான் அதிகம். பொறுமையில்லாத ஆள் என்றால் குறுக்குவழி தேடுவது இந்த இடத்தில்தான்.

இடையில் நர்ஸ், "சுடுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல பழக்கம்தான். ஆனால் மருந்து ஏறிய இடத்தில் மேல்தோலும் மரத்துத்தான் கிடக்கும். அம்மா "இல்லைம்மா" என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அங்கே காவல் அந்தத் திரைதான்.

சித்தப்பாவின் கதையும் இதே ரகம். அவருக்குக் கல்லீரலில் இருந்த கட்டியை ரேடியோ அலை ஊசியால் சுட்டார்கள். ஊசியிலிருந்து கிளம்பும் மின்சாரம் உடம்பு வழியாகத் தொடையில் ஒட்டிய பேடுகளுக்கு வந்துதான் வெளியேற வேண்டும். பேடில் ஊசியைப் பார்த்த விளிம்பில்தான் மின்சாரம் நெருக்கியடிக்கும் என்பதால், பேட் சரியாக ஒட்டாவிட்டால் கல்லீரல் தப்பித் தொடை வெந்துவிடும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட பேடுகள், ஊசியிலிருந்து ஒரே தூரத்தில், நீள விளிம்பு ஊசியைப் பார்த்தபடி. முடியை எடுத்து, எண்ணெய் கிரீம் எதுவும் இல்லாமல், துடைத்த ஸ்பிரிட் நன்றாக உலர்ந்த பிறகு ஒட்ட வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் ஆள் தொடை சுடுகிறது என்று எழுந்தா சொல்வார்? சித்தப்பாவுக்கோ தொடை முடியை மழித்தது மட்டும்தான் இன்றுவரை குறை. அம்மாவுக்குப் பயன்படுத்திய கதீட்டருக்கு இந்தப் பேடுகள் தேவையில்லை.

இனி பிசியோதெரபி நிலையம். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. குதிகாலுக்கு இருபுறமும் எலக்ட்ரோடைப் பொருத்தி, குமிழைத் திருகிவிட்டு, "ரொம்ப சுட்டா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். அம்மாவின் கொலுசைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை, நான்தான் கழற்றினேன். உலோகம் இருக்கும் இடத்தில் இந்த அலை குவிந்து சுடும். வியர்வையும் அப்படித்தான், அதனால் தோலைத் துடைத்து இடையில் உலர்ந்த டவல் வைக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் சர்க்கரை. பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் செத்துப்போயிருக்கலாம். ஊசி போடாமலேயே மரத்துப்போன கால் அது. "சுட்டா கூப்பிடுங்க" என்று அந்தக் காலிடம் சொல்லி என்ன பயன்? தொடங்கும் முன் வெந்நீரும் குளிர்ந்த நீரும் உள்ள இரண்டு டெஸ்ட் டியூபை மாற்றி மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டே நிமிட வேலை.

மெஷினை நிறுத்தச் சொல்லி, பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் மூத்த பிசியோதெரபிஸ்ட். முகம் சுளிக்காமல் டியூபுகளை எடுத்துவந்து அவரே பார்த்தார். முட்டியில் அம்மா சரியாகச் சொன்னார். கணுக்காலுக்குக் கீழே வெந்நீரை வைத்ததும், "ஏதோ தொடற மாதிரி இருக்கு தம்பி" என்றார். அத்தோடு டயாதெர்மியை நிறுத்திவிட்டு, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளும் மெத்தென்ற செருப்பும் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பாத நரம்புகளை ஒருமுறை சோதித்துவிடச் சொல்லி சர்க்கரை டாக்டருக்கும் ஒரு சீட்டு. அந்தப் பரிசோதனையை நான் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட்டோம்.