நீலக் கதவு வீட்டில் வில் வாங்கப் போகிறவர்களுக்கு

நேற்று இரவு அந்த விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. அதே நீலக் கதவு, அதன்மேல் சாய்த்து வைத்த, இரு முனைகளிலும் சக்கரம் உள்ள காம்பவுண்ட் வில், "அமெரிக்க மான் வேட்டை வில், அதிகம் பயன்படுத்தாதது, மதுரை" என்ற அதே வரி. வில் மட்டும்தான் வேறு. சென்ற ஆனி மாதம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று 62,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தவன் நான். விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் மகளுக்கு 16 வயது. மூன்று ஆண்டுகளாக மூங்கில் வில்லில், இந்தியன் ரவுண்ட் பிரிவில் எய்துவருகிறாள். 2023இல் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதிலேயே காம்பவுண்ட் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி உண்டு என்று செய்தி வந்ததும் பேச்சு பிடிவாதமாகிவிட்டது. போட்டிக்கு ஏற்ற புது வில்லும் அதன் சாமான்களும் வாங்கினால் விலை லட்சங்களில் போகிறது. நான் திருநகரில் சின்ன அச்சகம் வைத்திருப்பவன். அதனால் பழைய வில் தேடினேன். "பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் சார்" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்த வாரம் அவர் வெளியூரில் இருந்தார். "இன்னொருவர் பணத்தோடு வந்துகொண்டிருக்கிறார் அண்ணே" என்று விற்பவர் போனில் சொன்னதும் என் புத்தி வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

நத்தம் சாலைப் பக்கம் வீடு. காபி கொடுத்தார். வளரி வீசிய மண் நம் மண் என்றார். பிறகு வில்லை எடுத்து, "மானையே ஒரே அம்பில் சாய்க்கிற வில் அண்ணே, இலக்கு அட்டையைத் துளைக்காதா?" என்று கேட்டார். கண்ணைச் சிமிட்டியபடி அழகர்மலையைப் பற்றியும் ஏதோ சொன்னார். இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். சிரித்து மழுப்பினேன்.

சட்டம் கிடக்கட்டும். மானுக்கு நல்ல வில் என்றால் அட்டைக்கும் நல்ல வில் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் முதல் முட்டாள்தனம். அமெரிக்காவில் உரிமம் எடுத்து, அதற்குரிய பருவத்தில், பெரும்பாலும் மரத்தில் கட்டிய பரண்மேல் உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கிறார்கள். கிளையில் இடிக்கக் கூடாது என்பதற்காக வேட்டை வில் குட்டையாக இருக்கும். மேல் சக்கரத்தின் அச்சிலிருந்து கீழ்ச் சக்கரத்தின் அச்சு வரை ஏறத்தாழ 28 முதல் 33 அங்குலம். நாள் முழுவதும் காத்திருந்து ஒரே ஓர் அம்பு விடுகிறவருக்கு அது போதும். 50 மீட்டரில் நிற்கும் அட்டையை நோக்கி நாளுக்கு நூறு அம்பு விடுகிறவளுக்குப் போதாது. போட்டி வில் பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலம் இருக்கும். நீள வில் கையில் ஆடாமல் நிற்கும், முழுதாக இழுத்தபின் நாண் முகத்தருகே அவ்வளவு கூராக மடங்காது. நான் வாங்கியது 30 அங்குல வில்.

அடுத்தது இழுவிசை. வில்லில் 70 பவுண்டு என்று ஒட்டியிருந்தது. ஏறத்தாழ 32 கிலோ. "பயப்படாதீர்கள் அண்ணே, முழுதாக இழுத்துவிட்டால் 14 பவுண்டுதான் கையில் நிற்கும்" என்றார். இதில் பொய் இல்லை. காம்பவுண்டின் சக்கரங்கள் முட்டை வடிவத்தில் இருப்பதே அதற்காகத்தான். உச்சத்தைத் தாண்டியதும் பாரத்தில் 80 சதவீதம் வரை அவை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த 14க்குப் போவதற்கு முன் 70ஐக் கடந்தாக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வில்லின் வளையும் கைகளான லிம்ப்களைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் குறைக்கலாம் என்றார். குறையும், ஆனால் அந்த வில்லில் 60 வரைதான். உலகப் போட்டிகளில் அனுமதிக்கும் உச்சமே 60. என் மகளுக்குப் பயிற்சியாளர் சொன்னது 35 முதல் 40.

இழுக்கும் நீளத்தையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, 2.5ஆல் வகுத்தால் உத்தேசமாகக் கிடைத்துவிடும். என் மகளுக்கு 65 அங்குலம், அதாவது 26. அந்த வில் 28க்குக் கீழே இறங்காது. ஒரு டேப் செய்திருக்க வேண்டிய வேலை. அச்சகக்காரனிடம் டேப் இல்லாமலா இருக்கும்?

இவை எல்லாம் என் அறியாமை. அவருடைய அயோக்கியத்தனம் இனிமேல்தான் வருகிறது. மகளுக்குக் காட்டுவதற்காகப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வில்லை முழுதாக இழுத்து, அம்பு இல்லாமலே நாணை விட்டார். 'டங்' என்று வீடே அதிர்ந்தது. "சத்தத்தைக் கேட்டீர்களா அண்ணே!" கேட்டேன். அசந்துபோனேன். பணத்தை எண்ணினேன். மான் வேட்டைக்கான அம்பின் பிளேடு முனைகள் மூன்றை இலவசம் என்று பையில் போட்டார். போட்டி மைதானத்தில் அவற்றை வெளியே எடுத்தாலே துரத்திவிடுவார்கள்.

ஊர் திரும்பிய பயிற்சியாளர் முதலில் வீடியோவைத்தான் பார்த்தார். அந்தச் சத்தம் வந்ததும் போனை மேசைமேல் வைத்துவிட்டார். வளைந்த லிம்ப்களில் தேங்கிய சக்தியை வாங்கிக்கொண்டு போவது அம்பு. அம்பு இல்லையென்றால் அத்தனையும் திரும்பி லிம்பிலும் சக்கரத்திலும் நாணிலும் இறங்கும். ஒரே முறையில் உடைந்த வில்களும் உண்டு. பிறகு ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து லிம்பின் ஓரமாக மெல்ல இழுத்தார். விரலால் தடவினால் கண்ணாடி இழை ஏறிவிடுமாம். கீழ் லிம்பில், சக்கரத்துக்கு நான்கு விரற்கடை மேலே, பஞ்சு சிக்கி நின்றது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தலைமுடி அளவு விரிசல். மேல் சக்கரமும் லேசாகக் கோணியிருந்தது. "இதை உங்கள் பெண் இழுத்திருந்தால் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்திருக்கும் சார்" என்றார். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் போன் செய்தேன். "பழைய பொருள், பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" என்றார். அதுவரை 'அண்ணே' போட்டவர் அன்று போடவில்லை. கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், "உங்கள் பெண் அம்பில்லாமல் விட்டிருப்பாள், என்மீது பழி போடாதீர்கள்" என்றார். அந்த வில்லை அவள் ஒருமுறைகூட இழுத்ததில்லை. அவர் அம்பில்லாமல் நாணை விட்ட அந்த வீடியோவை அவருக்கே அனுப்பிவைத்தேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் வந்தன. பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். ரசீது வாங்கவில்லை, பணமாகக் கொடுத்திருந்தேன். வழக்கறிஞரான என் மைத்துனர் இரண்டையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வில் பரணில் கிடக்கிறது. மகள் மூங்கில் வில்லோடு தினமும் மைதானத்துக்குப் போகிறாள். புது விளம்பரத்தில் இருக்கும் வில்லைப் பார்க்க யாராவது கிளம்புவதாக இருந்தால் போகிற வழியில் திருநகரில் இறங்குங்கள். வீடியோ 48 விநாடி, 31ஆவது விநாடியில் அந்தச் சத்தம் வரும். கேட்டுவிட்டுப் போங்கள். பஞ்சும் தருகிறேன்.