யுடைஸ் பிளஸ்: சின்ன ஊர்ப் பள்ளியை இதில் எப்படிப் பார்ப்பது?

நாடெங்கும் உள்ள பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் தளத்தில் ‘நோ யுவர் ஸ்கூல்’ என்றொரு பகுதி உண்டு. எந்தப் பள்ளியின் விவரத்தையும் லாகின் இல்லாமல், காசு செலவில்லாமல் பார்க்கலாம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிறவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நல்ல சேவைதான். ஆனால் 20, 30 பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் தப்புக் கணக்குத்தான் மிஞ்சும்.

முதல் தொல்லை தேடல். பள்ளிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், ‘பியுபிஎஸ்’ (ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி) என்ற சுருக்கத்தோடு இருக்கும். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் சிக்காது. பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்து மாவட்டத்துக்கு 2, ஒன்றியத்துக்கு 2, ஊருக்கு 3, கடைசி 2 பள்ளிக்கு.

சேர்க்கையில் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு வகுப்புவாரி எண்ணைப் பாருங்கள். போன ஆண்டு ஒன்றாம் வகுப்பில் 9 பேர், இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் 6 பேர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க வகுப்பில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அப்படியானால் குறைந்தபட்சம் 3 பேர் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்கள், அல்லது குடும்பமே ஊரைவிட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் விசாரிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பே மெலிந்திருந்தால் பள்ளியைக் குறை சொல்லும் முன் அங்கன்வாடிப் பதிவேட்டைக் கேளுங்கள். ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகளே 5 பேர் என்றால், 4 பேர் சேர்ந்தது பெரிய வெற்றி. 12 பேர் இருந்து 4 பேர்தான் வந்தார்கள் என்றால் மீதிப் பேரைத் தனியார் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. விழுக்காட்டை நம்பாதீர்கள், 10 பேரில் ஒருவர் போனாலே 10 விழுக்காடு.

இன்னொன்று: 2022-23 முதல் மாணவர்வாரியாக விவரம் வாங்குகிறார்கள், அதற்கு முன் பள்ளிவாரி மொத்தக் கணக்கு. ஆகவே 2021-22-ஐயும் அதற்குப் பிந்திய ஆண்டையும் ஒப்பிட்டு ‘சேர்க்கை சரிந்தது’ என்று சொல்வது சரியல்ல.

ஆசிரியர் விகிதம்தான் அதிகம் ஏமாற்றும். 22 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், ஒருவருக்கு 11 பேர். தனியார் பள்ளியில்கூடக் கிடைக்காத விகிதம்! ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் மற்றவர் என்று பிரித்துக்கொள்வார்கள். தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பதால் சேர்ந்த வகுப்பை ஓரளவு சமாளிக்கலாம். ஒரு ஆசிரியர் மாற்றுப்பணிக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். தளத்தில் அப்போதும் 2 என்றே இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர் இருந்தாக வேண்டும்; ஆளில்லாவிட்டால் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்பது இந்தத் தளத்தில் இல்லவே இல்லை. இதுதான் பெரிய குறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பாடம் நடத்தாத பக்கமாகப் பார்த்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடம் என்றால் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றும் கொடுங்கள்.

கழிப்பறை, குடிநீர், மின்சாரம் பற்றிய தகவல் பள்ளி தரப்பில் பதிவேற்றுவது. ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று காட்டும் கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால், அடுத்த பதிவேற்றத்துக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்தச் செய்யுங்கள். இருக்கிறது என்று பதிவாகிவிட்டால் பழுதுபார்க்கப் பணம் கேட்பது கடினம்.